மூன்றாம் ஷிப்ட் தூக்கம்

வெள்ளிக்கிழமை காலை பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றலாம் என்று சட்டையைக் கழற்றியபோதுதான் ரஞ்சிதா அந்தக் கையைப் பார்த்தாள். வலது முன்கை பன்னு மாதிரி உப்பிக் கிடந்தது. தொட்டதும் தர்ஷினி கையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. வாயிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

"எப்படி ஆச்சு இது?" ரஞ்சிதா கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள். உள்ளே மாடசாமி மூன்றாம் ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் படுத்திருந்தான்.

"உளுந்துட்டன்."

"எங்க?"

"பால்வாடில. நேத்து."

"நேத்தா? அப்பறம் ராத்திரி என்னாத்துக்குச் சொல்லல?"

தர்ஷினிக்கு நாலு வயது. அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். குளிரில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தை மாதத்து உத்தனப்பள்ளியில் எட்டு மணிக்கும் மூட்டம் கலையாது. அலுமினியச் சட்டியில் விளாவி வைத்திருந்த வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

முந்தின ராத்திரி நடந்தது ரஞ்சிதாவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. ரோஜாத் தோட்டத்தில் பிப்ரவரி சீசன். ஏற்றுமதிக்குப் பூ போகிற நேரம் என்று சாயங்காலம் ஏழு வரை நிறுத்திக்கொண்டார்கள். தண்டை நீளவாரியாகப் பிரித்து, கீழ் இலையை உருவி, முள்ளைச் சீவி, இருபது இருபதாகக் கட்டி, அட்டையைச் சுற்றிக் குளிர் அறைக்கு அனுப்ப வேண்டும். வீடு வந்து களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றிப் போட்டபோது பிள்ளை இடது கையால் எடுத்துச் சாப்பிட்டது. "சோத்தாங்கையில சாப்புடு, எத்தன தடவ சொல்றது" என்று அதட்டினாள். பிள்ளையும் கையை மாற்றிக்கொண்டு, களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெதுவாக நாலு வாய் சாப்பிட்டு, போதும் என்று எழுந்துவிட்டது. உடைந்த கையால் சாப்பிட்டிருக்கிறது.

ஓசூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் விரிசல் என்றார்கள். மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் சின்னப் பையன். "நேத்தே விழுந்துச்சா? இவ்வளவு நேரம் எப்படித் தாங்குச்சு? ரொம்ப தைரியசாலியா இருக்கியே" என்று தர்ஷினியின் கன்னத்தைத் தட்டினார். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். லைன் வீட்டு ஓனர் சரோஜம்மாள் குடியிருக்கிற மற்ற பெண்களிடம், "தர்ஷினியப் பாத்துக் கத்துக்கங்கம்மா. அந்த ஊட்ல கொழந்த இருக்கறதே தெரியல" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் ரஞ்சிதாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கிறது. தானாக வந்துவிட்ட குணமா அது. ஒரு வருஷம் பாடுபட்டு வளர்த்தது.

மாடசாமி அலுமினிய வார்ப்புக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். உருகின அலுமினியத்தை அச்சில் ஊற்றி அழுத்தி எடுக்கிற மிஷின். உலைச்சூட்டில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். மிஷின் இரைச்சல் காதிலேயே தங்கிவிடுவதால், வீட்டுக்கு வந்தால் ஸ்பூன் விழுந்தாலும் தூக்கிப் போடும். போன வருஷம் பகலில் சரியாகத் தூங்காமல் போய், மிஷின் முன்னாலேயே கண் அசந்துவிட்டான். பக்கத்து ஆள் இழுத்திராவிட்டால் கை போயிருக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகுதான் இந்த வீட்டில் சத்தம் நின்றது. இருப்பது ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. அவன் கோவில்பட்டிப் பக்கம், இவள் சிங்காரப்பேட்டை. கம்பெனியில் பழகிக் கட்டிக்கொண்டதால் இரண்டு பக்கமும் வந்து எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. உதட்டின்மேல் விரலை வைத்தால் பேசக் கூடாது, உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்கார வேண்டும் என்று பிள்ளைக்குப் பழக்கினாள். பிள்ளையும் சீக்கிரமே பழகிக்கொண்டது.

திங்கட்கிழமை தோட்டத்தில் பாதி நாள் லீவு கேட்டதற்கு மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அந்தக் கோபத்தையும் சேர்த்துக்கொண்டுதான் ரஞ்சிதா பால்வாடிக்குப் போனாள். சுமலதா டீச்சர் சத்துமாவை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கட்டோடு வந்த பிள்ளையைப் பார்த்ததும் மாவுக் கையோடு எழுந்துவிட்டார்.

"அட தேவுடா. என்னாம்மா இது?"

"என்னையா கேக்கறீங்க? உங்ககிட்ட உட்டுட்டுத்தான டீச்சர் வேலைக்குப் போறன். வியாழக்கெழம இங்க உளுந்து கை உடைஞ்சிருக்குது. நாள் பூரா உங்களுக்குத் தெரியலயா?"

"சறுக்குமரத்துல இருந்து எறங்கும்போது அந்த அஸ்வின் தள்ளி உட்டான். நான் ஓடிப் போய்த் தூக்குனன். வலிக்குதான்னு கேட்டன், இல்லன்னுச்சு. எழுந்து போயி ஓரமா உக்காந்துக்குச்சு. முட்டை கூட சாப்புட்டுச்சு."

"இல்லன்னா உட்டுடுவீங்களா?"

"நீ உடலயா?" என்றார் டீச்சர். "ராத்திரி பூரா உங்கூடத்தான இருந்துச்சு?"

அழுதுகொண்டிருந்த இன்னொரு பிள்ளையை ஆயா தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கோவப்படாத கேளு. இருபத்தஞ்சு புள்ளைங்க. அழற புள்ளையப் பாக்கவே எனக்கு நாளு சரியாப் போவுது. அழாத புள்ளைய யாரு பாக்கறது? நானுந்தான் பாக்கல. தப்புதான். ஆனா ஒண்ணு சொல்றன். உன் பொண்ணு இங்க வந்து ஒரு தடவ கூட அழுதது இல்ல. வெளையாட்டுச் சாமானப் புடுங்கினா குடுத்துடுது. தள்ளினா நவுந்துக்குது. வேணுமான்னு கேட்டா என் மூஞ்சியப் பாத்துட்டு அப்பறந்தான் பதில் சொல்லுது. கிருஷ்ணகிரியில எங்களுக்கு ட்ரெயினிங் வச்சாங்க. இந்த மாதிரிக் கொழந்தைங்களத்தான் மொதல்ல கவனிக்கணும்னு சொன்னாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பறம் வச்ச கிளாசு, நான் பாதி தூக்கத்துல கேட்டன்."

"என்னா டீச்சர் பேசறீங்க. அடம் புடிக்காத புள்ள ஒரு குத்தமா?"

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லத் தெரியணுமில்ல?"

"அழுதா ஓனரம்மா சத்தம் போடுவாங்க. அவங்க அப்பாருக்குத் தூக்கம் போவும். தூக்கம் போனா மிஷின்ல கை போவும். சரின்னு அழாம வளத்தா இங்க நீங்க குத்தம் சொல்றீங்க. நான் என்னாதான் டீச்சர் செய்யறது?"

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றார் சுமலதா. குரலில் சலிப்புத்தான் இருந்தது. "ரெண்டு பேரும் சேந்து எதாச்சும் பண்ணிப் பாப்போம்."

பண்ணிப் பார்த்தார்கள். அந்த ஒரு மாதத்தைப் போல எரிச்சலான மாதத்தை ரஞ்சிதா பார்த்ததில்லை. டீச்சர் ஒரு பிளாஸ்டிக் டம்ளரைத் தர்ஷினியின் கையில் கொடுத்து, "இது உன்னுது. நான் கேப்பன். குடுக்க மாட்டன்னு சொல்லணும்" என்று பழக்கினார். "எனக்குக் குடு" என்று கையை நீட்டினார். "குடுக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளை டம்ளரை அவர் கையில் வைத்தது. மறுபடியும் செய்தார். மறுபடியும் "குடுக்க மாட்டன்" என்று சொல்லிக் கொடுத்தது. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு தெலுங்கில் எதையோ முனகினார்.

வீட்டில் மாடசாமி தன் பங்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏட்டி, உனக்குக் கோவம் வருமா?"

"வராதுப்பா."

"கை வலிக்கா?"

"இல்லப்பா."

"அழணும்போல இருந்தா அழுதுரணும், என்ன?"

"சரிப்பா."

"இப்ப அழணும்போல இருக்கா?"

தர்ஷினி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். கண்ணையும் வாயையும் மாறி மாறிப் பார்த்து, எந்தப் பதில் சரியான பதில் என்று தேடினாள். "இருக்கணுமாப்பா?" என்று கேட்டாள்.

மாடசாமி அவளை இறக்கிவிட்டுவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தான். ரஞ்சிதா பின்னாலேயே போனாள்.

"எங்க சூப்பர்வைசர் வந்து நின்னா நான் இப்படித்தான் பாப்பேன்" என்றான். "அவரு மூஞ்சியப் பாத்துட்டு அப்புறந்தான் ஆமாவா இல்லையான்னு சொல்லுவேன். வீட்டுலயும் ஒரு கம்பெனி நடத்திக்கிட்டு இருக்கோம்ட்டி நாம."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க? நாளையில இருந்து தகரத்தத் தட்டிக்கிட்டு வெளையாடச் சொல்லட்டுமா? நீங்க தூங்கிடுவீங்களா?"

"பகல் ஷிப்ட் கேட்டுப் பாக்கேன்."

கேட்டான். கான்ட்ராக்ட் ஆளுக்கு ஷிப்ட் மாற்றித் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். காதுக்குப் பஞ்சு வாங்கி வந்தான். பஞ்சை அடைத்துக்கொண்டால் உலை இரைச்சல்தான் உள்ளே இன்னும் அதிகமாகக் கேட்கிறது என்று இரண்டாம் நாளே எடுத்துப் போட்டான்.

நடுவில் ஒன்று மட்டும் நடந்தது. பால்வாடிச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் சிரித்த முகம், அழுத முகம், பயந்த முகம், கோப முகம் என்று வட்டம் வட்டமாக இருக்கும். தினமும் தர்ஷினி எந்த முகத்தைக் காட்டுகிறாளோ அதை மாவுக்கட்டின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் டீச்சர் வரைந்து கொடுத்தார். நாள் தவறாமல் சிரித்த முகத்தையே காட்டிக்கொண்டிருந்தாள். கட்டு முழுக்கச் சிரித்த முகமாக நிறைந்து கிடந்தது. ஒரு சாயங்காலம் ரஞ்சிதா பார்த்தபோது மணிக்கட்டு ஓரத்தில் புருவத்தை நெரித்த ஒரு சிவப்பு முகம் இருந்தது.

"யாரு மேலடி கோவம்?"

"யாரு மேலயும் இல்ல."

அதற்கு மேல் வாங்க முடியவில்லை. ஆனால் அன்றைக்குப் படுக்கும்போது அந்தக் கையைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு தூங்கினாள்.

மாசி மாதத்து ஒரு மத்தியானம் கட்டைப் பிரிக்க மூன்று பேரும் ஓசூர் போனார்கள். மாடசாமிக்கு அன்று தூக்கம் இல்லை. ராத்திரி மறுபடியும் வேலைக்குப் போக வேண்டும். வரிசையில் நின்றுகொண்டே கண்ணை மூடி மூடித் திறந்தான். சின்ன ரம்பம் கொர்ரென்று ஓடியபோதும் தர்ஷினி அசையவில்லை. "சமத்து" என்றார் அந்தச் சின்ன டாக்டர். கட்டு இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே இருந்து மெலிந்து வெளுத்த கை வந்தது. வார்டு ஆள் அந்த இரண்டு பாதியையும் எடுத்து மஞ்சள் கூடையில் எறிந்தான்.

"அது எனக்கு வேணும்" என்றாள் தர்ஷினி. மெதுவாகத்தான் சொன்னாள்.

"அது அழுக்கு பாப்பா. நட" என்றாள் ரஞ்சிதா. மருந்துக் கவுண்டர் மூடுவதற்குள் மாத்திரை வாங்க வேண்டும். உதட்டின்மேல் விரலை வைத்தாள், பழக்கத்தில்.

சாயங்காலம் ராயக்கோட்டை பஸ்ஸில் நல்ல கூட்டம். ஜன்னல் பக்கம் ஒரு சீட் கிடைத்து, ரஞ்சிதா மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் மாடசாமி உட்கார்ந்ததும் தலை தொங்கிவிட்டது. சானமாவுக் காட்டு ரோட்டில் பஸ் நுழைந்ததும் நின்றுவிட்டது. முன்னால் லாரியும் காருமாக வரிசை. வனத்துறை ஆட்கள் டார்ச்சை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யானை தாண்டுதாம். உக்காருங்க எல்லாரும்" என்றார் கண்டக்டர். "இன்னிக்கும் வீட்டுக்கு எட்டு மணிதான்."

டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். பஸ்ஸுக்குள் சட்டென்று அமைதி. அந்த அமைதியில்தான் தர்ஷினி வாயைத் திறந்தாள்.

"என் கட்டு."

"என்னாடி?"

"என் கட்டு. என்னுது. தூக்கிப் போட்டுட்டாங்க."

பிறகு ஒரு அலறல். பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. மாடசாமி திடுக்கிட்டு விழித்தான். இந்தக் குரல் இந்தப் பிள்ளையிடம் இருந்தது இரண்டு பேருக்குமே தெரியாது. உடம்பை வில்லாக வளைத்து, காலை உதைத்து, நல்ல கையாலும் தேறாத கையாலும் அம்மாவின் மார்பில் அடித்தாள்.

"பாப்பா, கை. கையப் பாரு, மறுபடி உடைஞ்சிடும்."

"என்னுது. நீ கேக்கல. நான் சொன்னன், நீ கேக்கல."

"இந்தாம்மா, பிஸ்கட்டு குடு" என்று பின் சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது. தர்ஷினி அதைத் தட்டிவிட்டாள்.

"ரெண்டு வெச்சாத்தான் அடங்கும். எடங்குடுத்து வளத்துக்கிறாங்க" என்றார் மஃப்ளர் கட்டின ஒருவர்.

ஒரு வருஷமாகப் பிள்ளையை வாயைத் திறக்க விடாமல் வளர்த்ததை இந்த ஆளிடம் எப்படிச் சொல்வது. ரஞ்சிதாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"எம்மா, வெளியே யானை நிக்குது. கொஞ்சம் வாயப் பொத்தும்மா" என்றார் கண்டக்டர்.

மாடசாமியின் கை தானாக எழுந்தது. பிள்ளையின் வாய் அருகே போனது. அவன் முகத்தைப் பார்த்த தர்ஷினி ஒரு கணம் நிறுத்தினாள். மூச்சை இழுத்தாள். நிறுத்திவிடப் போகிறாள் என்று ரஞ்சிதா நினைத்தாள்.

"நீ தூங்குன" என்றாள் தர்ஷினி அவனிடம். "கை வலிச்சிச்சு. பால்வாடி ஆயா கூட்டியாந்து ஊட்ல உட்டுட்டுப் போயிட்டாங்க. நீ தூங்குன. நான் பக்கத்துல உக்காந்துக்கினே இருந்தன். நீ தூங்கிக்கினே இருந்த."

மாடசாமியின் கை அந்தரத்திலேயே நின்றது. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் தான் விழித்தபோது பிள்ளை காலடியில் சுவரோரம் உட்கார்ந்திருந்ததையும், "எப்ப வந்தட்டி?" என்று கேட்டதற்குச் சிரித்ததையும், தான் எழுந்து டீ குடிக்கப் போனதையும் அவன் நினைத்திருக்க வேண்டும். கையைக் கீழே இறக்கினான்.

"எழுப்பியிருக்கலாம்லட்டி" என்றான்.

"எழுப்பக் கூடாது." சொல்லிவிட்டு மறுபடியும் கத்த ஆரம்பித்தாள்.

"யோவ், சொல்றது காதுல உழலயா? புள்ளைய அடக்குய்யா" என்றார் மஃப்ளர்காரர்.

"அழட்டும்யா" என்றான் மாடசாமி. "சீட்டு எடுத்துத்தான ஏறியிருக்கோம்."

"அது எப்படிய்யா, நாங்களும் சீட்டு எடுத்துத்தான்..."

"யானைக்கு இல்லாத பிரச்சன உங்களுக்கென்னங்க" என்றாள் ரஞ்சிதா. எதற்கு அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. முன் சீட்டில் இரண்டு கம்பெனிப் பெண்கள் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, தப்புத்தான் என்று பிள்ளையிடம் சொன்னாள். அது காதில் விழுந்த மாதிரி இல்லை. முதுகைத் தடவினால் கையைத் தள்ளிவிட்டது. தடவாமல் விட்டால் இன்னும் கத்தியது. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், இரண்டு பேரும் அந்த அழுகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருட்டின ரோட்டில் யானைகள் எப்போது தாண்டின, பெரியதா சிறியதா என்று மற்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இவர்கள் பார்க்கவில்லை. வண்டி கிளம்பியும் அழுகை நிற்கவில்லை. உத்தனப்பள்ளியில் இறங்கும்போது கண்டக்டர் ஒரு கும்பிடு போட்டு விசில் ஊதினார்.

இறங்கின இடத்தில் பரோட்டாக் கடையில் கல் சூடாகிக்கொண்டிருந்தது. மாடசாமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். குரல் கம்மிப் போய், விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அதுவும் நின்றது. தர்ஷினி தோளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இன்னும் அழலாமா?" என்று கேட்டாள்.

ரஞ்சிதா நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"அதுக்கும் எங்களக் கேப்பியா? உன் அழுகைடி அது. வருதா வரலயா, நீதான் சொல்லணும்."

தர்ஷினி இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. வெளுத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"வரல" என்றாள். "பசிக்குது."

"ஊட்டுக்குப் போனதும் களி கிண்டித் தர்றன்."

"களி வேணாம்."

"கொள்ளுக் கடைசல் இருக்குது. ஊத்தித் தர்றன்."

"வேணாம். பரோட்டா."

"அப்பாரு வேலைக்குப் போவணும், நேரமாச்சு. பரோட்டா எல்லாம் ஞாயித்துக்கெழம."

தர்ஷினி நெளிந்து வழுக்கி அப்பாவின் தோளிலிருந்து இறங்கினாள். தார் ரோட்டின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பின்னால் வந்த டிவிஎஸ் வண்டிக்காரன் ஹாரன் அடித்துவிட்டு வளைந்து போனான்.

"எழுந்திரு தர்ஷினி."

"மாட்டன்."

ரஞ்சிதா உள்ளங்கையை மேலே காட்டினாள், கீழே காட்டினாள். எதற்கும் அசையவில்லை. கண்ணில் நீர் இல்லாத, புருவம் நெரித்த ஒரு முகம் அவளை நிமிர்ந்து பார்த்தது.

"ஏங்க, நீங்களாச்சும் சொல்லுங்க."

மாடசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளைக்குப் பக்கத்தில் ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒரு கொட்டாவி விட்டான்.

"நீயே பேசிக்க ரஞ்சி" என்றான். "என்னால இதுகூட மல்லுக்கட்ட முடியாது."